இதழியல் படிக்க எந்தக் கல்லூரி? விஸ்காமா, பி.ஏ. ஜர்னலிசமா, டிகிரி முடித்து டிப்ளமோவா?

சாத்தூர்க்காரர் | மே 9, இரவு 9.50

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி, 600-க்கு 491. செய்தித் துறைதான் வேண்டும் என்கிறாள். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, பி.எஸ்சி. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்): ஸ்டூடியோவைப் பார்த்தால் டி.வி. நிலையம் தோற்றது, 100 சதவீத பிளேஸ்மென்ட் என்கிறார்கள். மதுரைப் பக்கம் ஒரு பழைய கல்லூரி, பி.ஏ. இதழியல்: ஸ்டூடியோ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது, ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டுப் பிறகு பார்ப்பது. ஸ்டூடியோ இருக்கும் இடம்தானே சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புக்காரர் | மே 10, காலை 6.40

ஸ்டூடியோவைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பாடத்திட்டம். இரண்டு கல்லூரியின் தளத்திலும் பி.டி.எஃப். கிடக்கும். கிடைக்கவில்லை என்றால் அலுவலகத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம், வேலை மிச்சம்.

ஆறு பருவம். முதல் ஒன்றிரண்டு வருடம் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். பகுதி 3-தான் பட்டம் எதில் என்பதைச் சொல்வது. அதில் செய்தி சேகரிப்பு, செய்தி எழுதுதல், எடிட்டிங், ஊடகச் சட்டம், தரவு, உள்ளாட்சி - நீதிமன்றம் - காவல்துறைச் செய்தி என்று எத்தனை தாள் இருக்கிறது என்று பென்சிலால் டிக் போட்டு எண்ணுங்கள். விஸ்காம் என்பது பெரும்பாலும் ஓவியம், புகைப்படம், விளம்பரம், அனிமேஷன், குறும்படம். நல்ல படிப்புதான், ஆனால் அது செய்திப் படிப்பு அல்ல. சில விஸ்காம் பாடத்திட்டத்தில் 'நிருபர்' என்ற சொல்லே ஒரு தாளின் மூன்றாம் அலகில்தான் வரும். உங்கள் மகள் கேட்பது அதுவா?

அடுத்து சட்டத் தாளைத் திறங்கள். அவதூறு என்ற இடத்தில் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று மட்டும் இருந்தால் அந்தப் பாடத்திட்டம் தூங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 356. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பழைய 228ஏ, இப்போது 72. பத்திரிகைப் பதிவுக்கு 1867-ம் வருடச் சட்டத்தையே இன்னும் நடத்துகிறார்களா என்று பாருங்கள். அதன் இடத்தில் 2023-ல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வருடாவருடம் பாடத்திட்டத்தைத் தொடும் ஆள் அந்தத் துறையில் உண்டா இல்லையா என்பது இந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மெய்ப்புக்காரர் | மே 10, காலை 6.55

மேலே விட்டது: பழைய எண்ணும் தெரிய வேண்டும். 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகள் நீதிமன்றத்தில் இன்னும் பழைய எண்ணிலேயே ஓடுகின்றன. இரண்டையும் சேர்த்து நடத்துகிற ஆசிரியர் கிடைத்தால் அவர் எங்கே இருக்கிறாரோ அதுதான் கல்லூரி.

கேமரா இரண்டு | மே 10, மதியம் 1.15

ஸ்டூடியோவைப் பார்த்து அசந்துபோனது சரி. கணக்குப் போட்டீர்களா? வகுப்பில் 60 பேர், கேமரா ஐந்து என்றால் ஒன்றுக்குப் 12 பேர். செய்முறை மூன்று பீரியட், மொத்தம் 150 நிமிடம். வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாண்டில் ஏற்றி, திருப்பிக் கொடுக்க 25 நிமிடம் போகும். மிச்சத்தைப் 12-ஆல் வகுத்தால் தலைக்குப் 10 நிமிடம். வாரம் ஒருமுறை. அதிலும் பேட்டரி சார்ஜ் போடாமல் வந்த நாள் கழிவு.

எனவே கேட்க வேண்டியது "எத்தனை கேமரா" அல்ல, "இஷ்யூ ரிஜிஸ்டரைக் காட்டுங்கள்". மாணவர் பெயர், எடுத்த நாள், திருப்பிய நாள் என்று பதிந்திருக்கும். சனி ஞாயிறில் வெளியே கொண்டுபோக விடுகிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். செய்தி ஸ்டூடியோவுக்குள் நடப்பதில்லை.

ஒலியையும் கவனியுங்கள். நிறையக் கல்லூரியில் 4கே கேமரா இருக்கும், காலர் மைக் இருக்காது. இருந்தால் ஒயர் பிய்ந்திருக்கும். இரண்டாம் வருடப் பிள்ளைகள் தெருவில் எடுத்த பேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு காதில் மட்டும் கேளுங்கள். பேசுகிறவர் குரலைவிட பஸ் ஹாரன் தூக்கலாக இருந்தால், அங்கே மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று அர்த்தம். படம் கொஞ்சம் ஆடினாலும் செய்தி ஓடிவிடும். குரல் கேட்கவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மெய்ப்புக்காரர் | மே 10, இரவு 10.30

கேமரா இரண்டு சொன்ன ரிஜிஸ்டர் எனக்குத் தோன்றவில்லை. எழுத்துப் பக்கம் அதற்கு இணையானது லேப் ஜர்னல். மாணவர்களே செய்தி சேகரித்து, எடிட் செய்து, பக்கம் கட்டி வெளியிடும் பயிற்சி இதழ். பாடத்திட்டத்தில் எங்கும் இருக்கும். வெளிவருகிறதா என்பதுதான் கேள்வி.

கடைசி ஆறு இதழ் கேளுங்கள். ஆண்டுவிழாவுக்கு ஒன்று அச்சடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்கள், அது கணக்கில் வராது. இதழ் கையில் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, தேதிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி. இரண்டு, பெயர்கள்: ஆறு இதழிலும் அதே நான்கு பேர் எழுதியிருந்தால் மற்ற 56 பேர் என்ன செய்தார்கள்? மூன்று, செய்திகள் கல்லூரி வளாகத்தைத் தாண்டுகின்றனவா. 'துறைத் தலைவர் குத்துவிளக்கு ஏற்றினார்' வகையறா மட்டும் இருந்தால் அது இதழ் இல்லை, அழைப்பிதழின் மறுபக்கம்.

வலைத்தளமாகவோ யூடியூபாகவோ நடத்தினால் இன்னும் வசதி, வீட்டில் இருந்தே பார்க்கலாம். கடைசிப் பதிவு என்றைக்கு என்று பாருங்கள். பல இடத்தில், கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் குழு வந்துபோன மாதத்தோடு நின்றிருக்கும். (நாக் தரம் கல்லூரிக்குக் கொடுப்பது, துறைக்கு அல்ல. ஏ ப்ளஸ் கல்லூரியில் இதழியல் துறை ஒற்றை ஆசிரியரோடு மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கலாம்.)

அலைவரிசை | மே 11, காலை 9.05

கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தால் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கியது, வளாக வானொலியில் நாட்டிலேயே முன்னோடி. கோவை பி.எஸ்.ஜி., சென்னை எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகம் என்று இன்னும் உண்டு.

மெய்ப்புக்காரர் | மே 11, காலை 9.40

கொடுங்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்து கொடுங்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அதனால் அங்கே நிருபர் வேலை பழக முடியாது.

அலைவரிசை | மே 11, காலை 10.20

செய்தி இல்லை, சரி. ஆனால் உள்ளூர் வானிலை, சந்தை நிலவரம், தண்ணீர் - மின்சாரம் நிற்கும் அறிவிப்பு, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு இதெல்லாம் செய்தியாகக் கணக்கில் வராது, ஒலிபரப்பலாம். நாளைக்கு எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று விசாரித்து, சரிபார்த்து, 40 நொடியில் தடுமாறாமல் சொல்லப் பழகிய பிள்ளைக்கு நிருபர் வேலையில் பாதி வந்தாச்சு. கோபுரத்தின் வீச்சே சில கிலோமீட்டர்தான். கேட்கிறவர் பக்கத்துத் தெருக்காரர், தப்பாகச் சொன்னால் வாசலுக்கே வந்து கேட்பார். இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

மெய்ப்புக்காரர் | மே 11, காலை 10.31

இதற்கு மறுபேச்சு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள் சாத்தூர்க்காரரே.

சாத்தூர்க்காரர் | மே 11, இரவு 8.15

எழுதிக்கொண்டேன். மூன்றாவது வழி பற்றி யாரும் பேசவில்லையே. ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டு டிப்ளமோ என்கிறார்களே?

மெய்ப்புக்காரர் | மே 12, காலை 5.50

என் ஓட்டு அதற்குத்தான். பி.ஏ. வரலாறோ, பொருளியலோ, பி.காமோ படிக்கட்டும். ஒரு பட்ஜெட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு முகப்பு (செய்தியின் முதல் பத்தி) எழுதக் கற்றுக்கொடுக்க ஆறு மாதம் போதும். முகப்பு மட்டும் எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பட்ஜெட் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம் ஓராண்டு முதுகலைப் பட்டயம். சென்னைத் தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது, 2000-ல் பெங்களூரில் இருந்து இங்கே வந்தது. முழுக்க ஆங்கிலம், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு, கட்டணம் லட்சக்கணக்கில். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடும்போதே கேட்க வேண்டும், சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. டெல்லி ஐ.ஐ.எம்.சி. (இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம்) மத்திய அரசுடையது, 1965-ல் தொடங்கியது, 2024-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நமக்குப் பக்கத்துக் கிளை கோட்டயம். ஐ.ஐ.எம்.சி.யின் வளாகங்களில் ஒடியா, மராத்தி, மலையாளம், உருது இதழியல் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. தமிழக அரசு 2025-ல் கோட்டூர்புரத்தில் தொடங்கிய சென்னை இதழியல் கல்வி நிறுவனம் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சொல்லிக்கொடுக்கிறது. தமிழ் வழிப் பிள்ளைக்கு இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

எம்.ஏ. வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம் (1947-லேயே இதழியல் பட்டயம் நடத்திய இடம்), கோவை பாரதியார், சேலம் பெரியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், மதுரை காமராசர். அறிவியல் செய்தியில் நாட்டம் இருந்தால் மதுரைத் துறையின் பெயரிலேயே அது இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் கியூட் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு வழியாக. 75 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும்.

முதல்தலைமுறை | மே 12, காலை 8.30

மெய்ப்புக்காரர் ஐயா, மூன்று வருடம் ஒரு டிகிரி, பிறகு லட்சம் கொட்டி ஒரு டிப்ளமோ என்பதெல்லாம் வசதி உள்ள வீட்டுக் கணக்கு. அந்தப் பிள்ளை 21 வயதில் சம்பளத்துக்குப் போக வேண்டுமோ என்னவோ, கேட்டீர்களா? அதோடு பட்டயமும் பட்டமும் ஒன்று இல்லை. கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்காக யு.ஜி.சி. நெட் தேர்வு எழுத 55 சதவீதத்தோடு முதுகலைப் பட்டம் வேண்டும், ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாதவர்), எஸ்.சி., எஸ்.டி.க்கு 50. பட்டயத்தை வைத்துக்கொண்டு போனால் அது முதுகலைக்குச் சமம்தானா என்று ஏ.ஐ.யு.விடம் (இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) நீங்களேதான் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் கல்லூரி ஆசிரியராகும் கதவை இப்போதே சாத்திவிடாதீர்கள்.

மெய்ப்புக்காரர் | மே 12, மதியம் 12.10

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். காலையில் எழுதியதைத் திருத்துகிறேன்.

21-ல் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் இளங்கலையிலேயே இதழியல் சரி. அப்போது துணைப் பாடம் எது என்று பாருங்கள்: அரசியல் அறிவியல், பொருளியல், வரலாறு துணையாக இருக்கும் இதழியல், சினிமா ரசனை துணையாக இருக்கும் இதழியலைவிட உழைப்புக்கு ஏற்ற பலன் தரும். இரண்டு மூன்று வருடம் தாங்க முடியும் என்றால்தான் என் முதல் கட்சி.

நெட் விஷயம் முற்றிலும் சரி. நிருபர் வேலைக்கு யாரும் நெட் கேட்பதில்லை, ஆனால் 45 வயதில் இரவு ஷிஃப்ட் அலுத்துப்போய் வகுப்பறைப் பக்கம் திரும்புகிற ஆட்கள் நிறைய. அப்போதுதான் கையில் இருப்பது பட்டயம் என்று உறைக்கும். வேலையில் இருந்துகொண்டே திறந்தநிலையில் எம்.ஏ. சேர்வது ஒரு வழி. இக்னோவில் இதழியல் - தொடர்பியலில் எம்.ஏ.வும் முதுகலைப் பட்டயமும் உண்டு. எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும் அந்த நிறுவனத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்றும் பொருந்த வேண்டும், இரண்டு பொருந்தினால் போதாது.

இன்னொன்று: இதழியலுக்கு மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் உள்ளதுபோல் அங்கீகாரம் தரும் கவுன்சில் கிடையாது. பிரஸ் கவுன்சில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பதில்லை. 'பிரஸ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி, முடித்ததும் பிரஸ் கார்டு' என்று மூன்று மாத வகுப்புக்கு நோட்டீஸ் வந்தால் அதைப் படித்துவிட்டு மடித்துக் கடலை வைத்துச் சாப்பிடலாம்.

முதல்தலைமுறை | மே 12, மதியம் 12.45

உதவிப் பணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உதவி பெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், இளங்கலை முடியும் வரை. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரியில்தான் பதிய வேண்டும், எனவே சேர்ந்த முதல் வாரமே அதைப் பார்க்கும் பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகையும் சேர்ந்து வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புக்கு, கலை அறிவியலுக்கு இல்லை.

கேமரா இரண்டு | மே 14, மாலை 6.00

100 சதவீத பிளேஸ்மென்ட் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதன் 100 சதவீதம்? வகுப்பில் 60 பேர், பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் கொடுத்தவர் 14, வேலை கிடைத்தது 14. நூற்றுக்கு நூறு! நோட்டீசில் பொய் ஒன்றும் இல்லை. எனவே கேள்வியை மாற்றுங்கள்: போன வருடம் இறுதித் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், அவர்களில் செய்தி நிறுவனத்தில் இன்றைக்கு வேலை பார்ப்பவர் எத்தனை பேர், எந்தப் பதவி, எந்த ஊர். சம்பளம் சொல்ல மாட்டார்கள், பதவி சொல்வார்கள். 'கன்டென்ட் எக்ஸிகியூட்டிவ்' என்பது துணிக்கடை இன்ஸ்டாகிராமுக்கு வரி எழுதுவதாகவும் இருக்கலாம். அதுவும் வேலைதான், ஆனால் மகள் கேட்ட வேலை அது இல்லை.

மெய்ப்புக்காரர் | மே 14, இரவு 11.20

ஆசிரியர்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பாடத்திட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

கல்லூரி ஆசிரியர் ஆக நெட் அல்லது பிஎச்.டி. வேண்டும். அதனால் செய்தி திருத்தும் டெஸ்க்கில் 20 வருடம் உட்கார்ந்த ஆள் எளிதில் உள்ளே வர முடியாது, நெட் பாஸான ஆள் நியூஸ்ரூம் வாசலை மிதித்திருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இரண்டு வகையும் கலந்திருந்தால்தான் துறை உருப்படும். யு.ஜி.சி. 2022-ல் இதற்கு ஒரு வழி விட்டது: 15 வருட அனுபவம் உள்ளவரை, பட்டம் கேட்காமல், 'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' என்று எடுக்கலாம், மொத்த இடத்தில் 10 சதவீதம் வரை. அப்படி யாராவது உண்டா என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்திப் பேசவைத்து அனுப்பும் பிரபலம் கணக்கில் வரமாட்டார். வாரம் எத்தனை மணி நேரம், மாணவர் எழுதியதைத் திருத்துகிறாரா?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நீங்களே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு: இதழியல் துறையில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை. 30 நாளில் பதில் வர வேண்டும். சேர்க்கைக்குள் வந்துசேராமல் போகலாம். ஆனாலும் மகளையே எழுதச் சொல்லுங்கள், முதல் நிருபர் வேலை அதுவாக இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: 'ஏன் நிரப்பவில்லை' என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். 'நிரப்புவது தொடர்பான கோப்பின் நகல்' என்று கேட்க வேண்டும். இந்த வித்தையை வகுப்பில் ஆளுக்கு ஒரு மனு எழுதவைத்துச் சொல்லித்தரும் கல்லூரி கிடைத்தால் தயங்காதீர்கள்.

தமிழ்99 | மே 15, காலை 7.30

இவ்வளவு பேசுகிறீர்கள், தமிழில் வேலை பார்க்கப் போகிற பிள்ளைக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தருகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலான துறைகளில் பாடம் ஆங்கிலத்தில், மென்பொருள் ஆங்கிலத்தில், லேப் ஜர்னலும் ஆங்கிலத்தில். வெளியே வந்ததும் தமிழ் டெஸ்க்.

சேர்க்கைக்குப் போகும்போது கணினிக் கூடத்தில் ஏதாவது ஒரு கணினியில், பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனைத் திறந்து 'கொடி' என்று யூனிகோடில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்பதைத் தேர்வு செய்ய வேண்டும், கொம்பு உடனே முன்னால் வந்துவிடும். இரண்டு சொடுக்கு வேலை. இது தெரியாததால்தான் இன்னும் பல இடத்தில் பாமினி வகைப் பழைய எழுத்துருவிலேயே பக்கம் கட்டுகிறார்கள். அதை இணையத்தில் ஏற்ற மாற்றி மென்பொருளில் போட்டால், நடுவில் உள்ள ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் குப்பையாகும், மேற்கோள் குறியும் திரிந்துபோகும். நிறுவனத்தின் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ அப்படிச் சிதைத்துப் போட்டுவிட்டு மறுநாள் வருத்தம் தெரிவிக்க வேண்டியதுதான்.

விசைப்பலகை தமிழ்99 போதும். இடது கை உயிர், வலது கை மெய். ககரத்தை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும், 'பக்கம்' அடிக்கும்போது நடுவில் வரும் புள்ளிக்குத் தனி விசை தேட வேண்டாம். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கல்லூரி திறப்பதற்குள் கைக்கு வந்துவிடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் செல்போனோடு நிற்கட்டும்.

மெய்ப்புக்காரர் | மே 15, காலை 7.48

என் பெயரை வைத்துக்கொண்டு நானே இதை மறந்தேன் பாருங்கள். கூடவே: தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில பல்கலைக்கழகங்களில் உண்டு, துறைகளே அதை மாணவரிடம் சொல்வதில்லை. அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடவும் கூடாது. அரசாணை, தீர்ப்பு, ஏஜென்சிச் செய்தி எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழும், அரை மணி நேரத்தில் தமிழாகிப் போக வேண்டும். டெஸ்க்கில் சேர்க்கும்போது வைக்கிற தேர்வும் பெரும்பாலும் அதுதான்.

அலைவரிசை | மே 15, காலை 8.02

'மெய்ப்புக்காரர்' நேற்று எழுதியதில் 'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு கலப்படம் இருந்ததே, அதற்கு மெய்ப்புப் பார்க்கவில்லையா?

மெய்ப்புக்காரர் | மே 15, காலை 8.05

இரவு 11.20 அண்ணே. அந்த நேரத்தில் எல்லாப் பேப்பரிலும் தப்பு வரும்.

முதல்தலைமுறை | மே 19, மாலை 5.30

பணம் கட்டும் முன் ஒன்று. இரண்டு இடத்தில் சேர்ந்து ஒன்றை விட வேண்டி வரலாம். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுப் பணம் (அதிகபட்சம் 5 சதவீதம், 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடிக்கலாம்), 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சில வருடங்களில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பும் விடும், அந்த வருடத்துக்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, சரிபார்த்துக் கையோடு திருப்பித் தர வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இணையாத தனி டிப்ளமோ நிலையங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே அவர்கள் அச்சடித்துக் கொடுத்திருக்கும் நிபந்தனைதான் சட்டம், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

சாத்தூர்க்காரர் | மே 23, இரவு 9.10

இரண்டு கல்லூரிக்கும் போய்வந்தோம். சென்னையில் இஷ்யூ ரிஜிஸ்டர் கேட்டதும் "அது உள் ஆவணம்" என்றார்கள். லேப் ஜர்னல் ஒன்று காட்டினார்கள், சட்டம் போட்டு மாட்டியதுதான். சட்டத் தாளில் 499 மட்டும்.

மதுரைப் பக்கம் ஆறு இதழ் கேட்டோம், நான்கு கொடுத்தார்கள். எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை. சட்டத் தாளில் இரண்டு எண்ணும் இருக்கிறது. துறையில் மூன்று ஆசிரியர், ஒருவர் முன்பு பத்திரிகையில் இருந்தவர். வாரம் 12 மணி நேரம் வகுப்பு என்றார். இதழில் ஒரு செய்தியின் தொடக்கத்தை அப்படியே அடிக்கிறேன், தரம் எப்படி என்று சொல்லுங்கள்:

"இன்றைய நவீன உலகில் தண்ணீர் என்பது மனிதனின் இன்றியமையாத் தேவையாகத் திகழ்கிறது. அத்தகைய தண்ணீருக்காக நம் விடுதி மாணவிகள் படும் பாடு சொல்லி மாளாது."

நான்காவது பத்தியில், 240 பேருக்கு இரண்டே குழாய், காலை 5 முதல் 7 வரை மட்டும் தண்ணீர், வார்டனிடம் ஜனவரியில் மனு கொடுத்தும் பதில் இல்லை என்று வருகிறது.

மெய்ப்புக்காரர் | மே 23, இரவு 9.45

தொடக்கம் மோசம். நான்காவது பத்திதான் முதல் பத்தியாக வந்திருக்க வேண்டும். 'விடுதியில் 240 மாணவிகளுக்கு இரண்டு குழாய். அதிலும் காலை இரண்டு மணி நேரம்தான் தண்ணீர்.' நவீன உலகத்தை அடித்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. வார்டனின் பதில் எங்கே? கேட்டுச் சொல்லவில்லை என்றால் 'கேட்டோம், சொல்லவில்லை' என்று இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொந்த விடுதியைப் பற்றிய செய்தி அந்தக் கல்லூரி இதழிலேயே அச்சாகியிருக்கிறது. நிர்வாகம் தடுக்கவில்லை, அல்லது தடுத்தும் யாரோ ஒரு ஆசிரியர் விடாமல் நின்றிருக்கிறார். குழாயை எண்ணிய பிள்ளையும் அங்கே இருக்கிறது. மற்ற மூன்று இதழிலும் முகப்பு எப்படி இருக்கிறது என்று தேதி வாரியாக வைத்துப் பாருங்கள்.

சாத்தூர்க்காரர் | மே 24, காலை 6.20

பார்த்தேன். தண்ணீர்ச் செய்திதான் முதல் இதழ், போன ஆகஸ்ட். அதே பெயரில் மார்ச் இதழில் ஒன்று இருக்கிறது: "தல்லாகுளம் பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை அகற்றப்பட்டு 47 நாட்களாகிறது." இதுதான் முதல் வரி.

கேமரா இரண்டு | மே 24, காலை 6.31

47 என்று எண்ணியிருக்கிறது பாருங்கள்.

மெய்ப்புக்காரர் | மே 24, காலை 6.50

ஆகஸ்டுக்கும் மார்ச்சுக்கும் நடுவில் யாரோ அந்தப் பிள்ளையின் காப்பியைச் சிவப்பு மையில் குளிப்பாட்டியிருக்கிறார். அந்த ஆசிரியர் இந்த வருடமும் முதலாண்டுக்கு வகுப்பு எடுக்கிறாரா என்று மட்டும் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். விடுதியில் சேர்ப்பதாக இருந்தால் குழாய் இப்போது எத்தனை என்பதையும்.